மேல்மாடியில் கிடைத்த எலும்பு

எண்பத்தாறாம் வருஷம் வில்லியனூரில் நெல் விளைந்த இடத்திலெல்லாம் செங்கல் விளைந்தது. நேற்றுவரை வரப்பில் நடந்த கால்கள் மாடிப்படி ஏறின. ஒருவர் தலைக்குமேல் இன்னொருவர் குடியிருக்கும் அடுக்குமாடியை வேடிக்கை பார்க்கவே பாகூரிலிருந்து பஸ் ஏறி ஆள் வந்தது. புதுவீடு வந்தால் பயமும் கூடவே குடிவர வேண்டுமே! அதற்கு வாடகை வசூலிக்க வந்து சேர்ந்தார், எலும்புச் சித்தர் இருசப்பன்.

சித்தருக்குத் தெரிந்தது ஒரே ஒரு சித்து. வேப்பிலைக் கொத்தோடு மனையில் உட்காருவார். கண்ணை மூடுவார். வெறுங்கையால் மண்ணைக் கிளறுவார். எலும்பு ஒன்று வெளியே வரும். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும், தட்சிணை கொட்டும். எலும்பில்லாத மனையே வில்லியனூரில் இல்லை. அத்தனை பேர் செத்துப் புதைந்திருந்தால் இந்த ஊரில் வீடு வாங்க ஆள் ஏது என்று ஒருவரும் கேட்கவில்லை.

தானிய மண்டி சண்முகசுந்தரம் ஓர் அடுக்குமாடியில் கீழ்வீட்டை வாங்கியிருந்தார். குடிவந்த கையோடு வியாபாரம் படுத்தது. மண்டிக்கு எதிரிலேயே புதுக்கடை வந்துவிட்டதுதான் காரணம். அதை ஒப்புக்கொள்வதைவிடச் சித்தரைக் கூப்பிடுவது சுலபம். சித்தர் வாசலில் எலும்பு எடுத்தார். வியாபாரம் எழுந்திருக்கவில்லை. மறுபடி கூப்பிட்டபோது சித்தரின் விரல் மேலே நீண்டது.

"தோசம் மண்ணுலேந்து வர்லப்பா. மேலேந்து எறங்குது. உச்சி மாடில யாரு?"

உச்சி மாடியில் ருக்குமணி. கரியமாணிக்கத்தில் நாற்று நட்டவர்களின் மகள். டெலிபோன் ஆபீசில் வேலை. லோன் போட்டு வாங்கிய வீடு.

"அது காலி பண்ணாத்தான் உனக்கு விடிவு" என்றார் சித்தர்.

மறுநாளே கட்டிடத்தில் பேச்சு மாறியது. "நல்ல பொண்ணுதான், இருந்தாலும்…" என்று இழுத்தார்கள். அந்த 'இருந்தாலும்' ஊருக்கு வெளியே எந்தத் தெருவில் போய் முடியும் என்று ருக்குமணிக்குத் தெரியும். பிறந்தது முதல் கேட்டதுதான். அழவில்லை. நேரே கீழே இறங்கினாள்.

"அண்ணே, எங்க வூட்லயும் சாமி பாக்கட்டும். தோசம் இருந்தா நானே காலி பண்றேன்."

"மாடில ஏதும்மா மண்ணு?" என்றார் சண்முகசுந்தரம்.

"தொட்டில ரொப்பி வெக்கலாம். அக்காவே ரொப்பட்டும்."

அவர் மனைவி விசாலாட்சி குருவிநத்தத்து ஆற்றுமணலைச் சல்லடையில் போட்டு, மாவு போலச் சலித்து, மொட்டைமாடியில் வைத்த தொட்டியை நிரப்பினாள். மொட்டைமாடிக் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை மாடி நிறையக் கூட்டம். தொட்டியைப் பார்த்துச் சித்தர் தயங்கவில்லை. "எந்த மண்ணானா இன்னா? தோசம் தேடிக்கினு வரும்."

கண்ணை மூடினார். கிளறினார். விரலளவு எலும்பு ஒன்று வெளியே வந்தது. "வந்துட்டா! கன்னியா செத்தவ! அவளோட வெரலு!"

கூட்டத்தின் கைகள் கன்னத்துக்குப் போயின. விசாலாட்சியின் கை மட்டும் இடுப்புக்குப் போனது.

"சாமி, இந்த மணல நான்தானே சலிச்சேன்! கூழாங்கல்லுகூட இல்லியே, வெரலு எங்கேந்து வந்துச்சு?"

"இது சூட்சும எலும்புமா. சல்லடைக்கு அகப்படாது."

"அப்படியா?" என்றாள் ருக்குமணி. "இன்னொரு வாட்டி எடுங்க. வேப்பிலைய மட்டும் இப்படிக் குடுத்துட்டு."

சித்தர் கொத்தை மார்போடு அணைத்தார். அவள் எட்டிப் பிடுங்கினாள். உதறினாள். தரையில் கன்னிகள் பொலபொலவென்று உதிர்ந்தார்கள். எல்லாம் கோழி எலும்பு. ஒன்றில் மசாலாகூடச் சரியாகக் கழுவப்படவில்லை. பக்கத்து மாடிப் பூனை பாய்ந்து வந்து அதைக் கவ்விக்கொண்டு ஓடியது. பூனைக்கு எந்தத் தோஷமும் ஒட்டவில்லை.

சித்தர் மூன்று மாடியையும் எப்படி இறங்கினார் என்று அவருக்கே தெரியாது. கூட்டமும் ருக்குமணியின் முகத்தைப் பார்க்காமல் நழுவியது.

சண்முகசுந்தரம் தலையைச் சொறிந்தார். "இவன் போலி. பாகூர்ல ஒருத்தர் மை போட்டுப் பாக்கறாராம். அவரு…"

"இன்னாங்க," என்றாள் விசாலாட்சி, "மேல் வூட்டக் காலி பண்ணச் சொல்லிக்கினு அலைஞ்சீங்களே, ரொம்ப நாளா காலியாக் கெடக்கிறது உங்க தலைதான். அதுல கொஞ்சம் புத்தியக் குடி வெய்யுங்க. அதுக்கு நல்ல நாளெல்லாம் பாக்க வேணாம்."