பன்னிரண்டாம் அறையின் மணி

மதிப்புக்குரிய லெனோர் அத்தைக்கு,

அக்டோபர் 14, செவ்வாய், பகல் 12.40. முதியோர் இல்லத்தில் உதவியாளராக நான் முடித்தது 194 மணி நேரம். நர்சிங் கல்லூரி கேட்பது 200. பன்னிரண்டாம் அறை மணி காலை ஆறிலிருந்து அடித்தது 26 தடவை. உங்கள் முழங்கால் வலி தேவலையா? இங்கே டுலூத்தில் பனி ஆரம்பித்துவிட்டது.

"படிக்கிறதுக்கு முன்னாடி கொஞ்சம் வேலை பாரு, அனுபவம் வரும்" என்றீர்கள். வந்தது. ஏழு வருடம் லிஃப்ட் பழுது பார்த்தவன் நான். மணி அடித்தால் எங்கோ ஏதோ கெட்டுவிட்டது என்று அர்த்தம். இங்கே ஆஸ்ட்பி என்ற கிழவர் மணி அடித்தால் ஜன்னல் திரையை இரண்டு அங்குலம் தள்ள வேண்டும், கால் மணி கழித்து அடித்தால் அதையே திரும்ப இழுக்க வேண்டும், "ஏம்ப்பா லிஃப்டு, மேல போகச் சொன்னா கீழ போறியே"ன்னு கிண்டல் வேற. பொறுக்காமல் ஒரு வாரம் குறித்துவைத்து வரைபடமே போட்டு, தலைமை நர்ஸ் லொரெய்னிடம் காட்டி, வேறு பிரிவு கேட்டேன். "பாதியில போனா உன் மணிக்கணக்குல என் கையெழுத்து கிடையாது" என்று முடித்துவிட்டார். கையெழுத்து இல்லாவிட்டால் கல்லூரி இல்லை. இல்லாமல் போகட்டும். நாளை லிஃப்ட் கம்பெனிக்கே திரும்புகிறேன்.

இப்போதுதான் கூட வேலை பார்க்கும் யொலாண்டாவிடம், "அப்பாடா, அமைதியா இருக்கு" என்றேன். சாண்ட்விச்சைக் கீழே வைத்துவிட்டாள்.

"டூட்டில 'அமைதி'ங்கிற வார்த்தையச் சொல்லலாமா? சொன்னா ஏதாவது விபரீதம் வரும். சொன்னவன்தான் எல்லா ரூமையும் பாத்துட்டு வரணும். எந்திரி."

"மூடநம்பிக்கை."

"இருக்கட்டும். எந்திரி."

போய்வந்து இந்தக் கடிதத்தை உறையில் போடுகிறேன். மாமாவுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
கார்வின்

பி.கு. மணி 2.10. நடக்கும்போதுதான் உறைத்தது, பன்னிரண்டாம் அறை மணி 35 நிமிடமாக அடிக்கவில்லை. என் வரைபடப்படி அதற்குள் இரண்டு தடவை அடித்திருக்க வேண்டும். ஓடினேன். ஆஸ்ட்பி வியர்வையில் நனைந்து உளறிக்கொண்டிருந்தார். இன்சுலின் போட்டாயிற்று, சாப்பாடு மூடிய தட்டில் அப்படியே. அவர் சாப்பிட்டாரா என்று பார்ப்பது என் வேலை. பார்க்கவில்லை. சர்க்கரை இறங்கிவிட்டது. லொரெய்ன் பழச்சாறு கொடுத்து மீட்டார். கண் திறந்ததும் கிழவர் சொன்னது: "லிஃப்டு, திரை ரெண்டு அங்குலம் ஜாஸ்தி."

இனி நான் செய்யப்போவது:

1. மேலே எழுதிய ராஜினாமாவை மறப்பது. நீங்களும் மறந்துவிடுங்கள்.
2. தட்டு மூடியைத் தூக்கிப் பார்ப்பது.
3. வசந்தம்வரை இங்கேயே வேலை கேட்பது. 200 போதாது.
4. அந்த வார்த்தையைச் சொல்லாதிருப்பது.
5. பன்னிரண்டாம் அறை மணி அடிக்கிறது. போவது.