பந்தலில் ஒரு கர்ப்பப்பை

வயிற்றுவலி நிபுணர் என்று ஒரு பிறவி உண்டு, நீங்கள் பார்த்திருப்பீர்கள். தனக்கு இல்லாத உறுப்புக்கு வைத்தியம் சொல்வதுதான் அவர் தொழில். இந்த இனத்துக்காக யாரும் இட ஒதுக்கீடு கேட்க வேண்டியதில்லை. டீக்கடை, கல்யாண வீடு, பஸ்ஸின் கடைசி சீட் எல்லாம் ஏற்கெனவே இவர்களுடையவைதான்.

கள்ளக்குறிச்சிப் பக்கம் கரும்பு போடும் தீனதயாளன் அந்த இனத்தில் அசல் சரக்கு. ஒதுக்கீட்டுப் போராட்டம் சூடு பிடித்திருந்த மார்கழி அது. தாலுகா ஆபீஸ் எதிரே போட்ட பந்தலில், "சம்பந்தமில்லாதவன் ஒக்காந்து நம்ம தலையெழுத்தை எழுதறதா?" என்று மைக்கில் அவர் முழங்கினால் கைதட்டல் அடங்க நேரமாகும்.

வீட்டில் அவர் மனைவி ராதிகாவுக்கு மாதவிலக்கு வந்தால் இடுப்பு கழன்று, துணி நனைந்து, பாயும் நனைந்து, முகம் சுண்ணாம்பாய் வெளுத்துப்போகும். நிபுணர் அசைவாரா?

"எல்லாப் பொம்பளைக்கும் வர்றதுதான? இன்னாத்துக்குப் பெருசு பண்ணிக்கினு?"

ஐப்பசியில் ஜீப் பிடித்து வெள்ளிமலைக்குப் போய்க் கடுக்காய் வாங்கிவந்தார். கார்த்திகையில் உளுந்தங்களி. அதுவும் கேட்கவில்லை என்றதும், ரெண்டு பிள்ளையோடு நிறுத்தியதுதான் வினை என்று கண்டுபிடித்தார். வலிக்கிறவளிடம் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை.

மார்கழியில் ஒருநாள் ராதிகா மாட்டுக்கொட்டகையில் மயங்கி விழுந்தாள். பக்கத்து வீட்டுத் தைலம்மாள்தான் ஷேர் ஆட்டோவில் டவுனுக்குக் கூட்டிப்போனாள். ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, இதற்குப் பெயர் அடினோமயோசிஸ் என்றார். கர்ப்பப்பையின் உள்சவ்வு அதன் சதைச் சுவருக்குள்ளேயே புகுந்து வளர்கிறது. மாதாமாதம் அங்கேயும் ரத்தம் கசிந்து பை வீங்குகிறது, அதனால்தான் இந்த வலி. புற்றுநோய் இல்லை, பயப்பட வேண்டாம். ஆனால் ரத்தம் ஆறு பாயிண்டுக்கு இறங்கிவிட்டது, நாளைக்கே ஏற்றியாக வேண்டும். பிறகு மாத்திரை, அல்லது கர்ப்பப்பைக்குள் பொருத்தும் மருந்து வைத்த லூப். எதற்கும் அடங்காவிட்டால்தான் ஆப்பரேசன்.

மறுநாள் காலை நிபுணர் ஸ்கேன் ஃபிலிமைத் தூக்கிக்கொண்டு நேராகப் பந்தலுக்குப் போனார். ஃபிலிம் கை மாறியது. தலைகீழாகப் பிடித்துப் பார்த்தவர்களுக்கும் எல்லாம் விளங்கியது.

"எடுத்துடுண்ணே. ரெண்டு புள்ள கீதுல்ல, அப்புறம் இன்னாத்துக்கு அது?" என்றான் சின்னராசு.

"ஆமா, ஆனா கரும்பு வெட்டு முடியட்டும். ஆளுங்களுக்கு யாரு சோறாக்கறது?" என்றார் பிச்சைமுத்து.

பொங்கல் கழித்து எடுத்துவிடலாம் என்று கைதூக்கி முடிவானது. ஆறு பாயிண்ட் ரத்தம் அதுவரை தாங்குமா என்று ஒருவரும் கேட்கவில்லை.

அப்போது தைலம்மாளின் தோளைப் பிடித்தபடி ராதிகா வந்து நின்றாள்.

"ஃபிலிமைக் குடுங்க. ரத்தம் ஏத்தப் போவணும்."

"இரு, பேசிக்கினு இருக்கோம்ல? உன் ஆப்பரேசனைப் பத்தித்தான்."

ராதிகா பந்தலை ஒரு சுற்றுப் பார்த்தாள். "சம்பந்தமில்லாதவன் தலையெழுத்தை எழுதக்கூடாதுன்னு மைக்குல கத்துனீங்களே. இங்க இன்னாங்க எழுதிக்கினு இருக்கீங்க?"

பிச்சைமுத்துவின் கையிலிருந்த ஃபிலிமை வாங்கிக்கொண்டு அவள் ஆட்டோவில் ஏறினாள். அந்த நேரத்தில் அவளுக்குக் கைதட்ட ஒருவனுக்காவது தோன்றியிருக்க வேண்டும், தோன்றவில்லை.

ஆட்டோ திருப்பத்தில் மறைந்ததும் தீனதயாளன் தொண்டையைச் செருமினார். "பாத்தியா சின்னராசு? ரத்தம் கம்மியானா கோவம் ஜாஸ்தி வரும். அதுவும் ஒரு வியாதிதான்."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். உங்கள் வீட்டில் ஒருத்தி கடைசியாக "வலிக்குது" என்றபோது நீங்கள் என்ன சொன்னீர்கள்? ஞாபகம் இல்லையென்றால் அவளையே கேளுங்கள். அவளுக்கு ஞாபகம் இருக்கும்.