ஈறு செய்த கலகம்

அன்புள்ள அண்ணிக்கு,

நானும் வயிற்றில் இருப்பதும் நலம். உங்கள் நலமும் அண்ணனுடைய முதுகுவலியின் நிலவரமும் அறிய ஆவல். பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும்; போனில் பேசினால் அழுதுவிடுவேன் என்பதால் எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நீங்கள் புறப்பட்டு வரவே வேண்டாம்.

ஏழாம் மாத ரத்தப் பரிசோதனையில் உடம்பில் எங்கோ அழற்சி, ஏதாவது கிருமித் தொற்றாக இருக்கலாம் என்று தெரிந்தது. கரு வந்து ஒட்டும்போது கொஞ்சம் அழற்சி வேண்டுமாம், பிரசவ வலி தொடங்கவும் வேண்டுமாம், நடுவில் மட்டும் அடங்கியிருக்க வேண்டுமாம். அடங்காவிட்டால் சிலருக்குக் குறைமாதத்திலேயே வலி வரலாம் என்று டாக்டரம்மா சொன்னதில், 'சிலருக்கு' என்பதை அங்கேயே விட்டுவிட்டு மீதியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். படித்தது கணக்கியல்தான், ஆனால் அன்று முதல் வீட்டுக்கு வைத்தியர் நான். பஸ் பட்டறையிலிருந்து வரும் இவர் வாசலிலேயே உப்புத்தண்ணீர் கொப்பளிக்க வேண்டும், மூத்தவள் அடுத்த அறைக்குப் போய்த்தான் தும்ம வேண்டும், அவளோ ஓடுகிற வழியெல்லாம் தும்மிக்கொண்டே போனாள், மாடி வீட்டுக்காரர் இருமினால்கூட நான் ஜன்னலைச் சாத்தினேன், வீடே வெந்து புழுங்கியது.

தொண்டை, காது, சிறுநீர் எல்லாம் பார்த்தும் டாக்டரம்மாவுக்கு ஒன்றும் அகப்படவில்லை. பிள்ளைக்கு என்ன ஆகுமோ என்று என் கண் கலங்கியபோது, யாரும் கேட்காமலே இவர் வாயைத் திறந்தார்.

"எங்களைத்தான் கொப்பளிக்க வைக்கிறா, டாக்டர். இவ பல் தேய்ச்சு ஒரு மாசமாச்சு."

நர்ஸ் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். உண்மைதான் அண்ணி. பிரஷ் பட்டால் ஈறில் ரத்தம் வந்தது. பிள்ளைக்குப் போக வேண்டிய ரத்தத்தை வாஷ்பேசினில் துப்புவானேன் என்று நிறுத்திவிட்டேன். டாக்டரம்மா உடனே அனுப்பிவைத்த பல் டாக்டர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. "ஈறு வீங்கினதாலதாம்மா ரத்தம். தேய்ச்சாத்தான் நிக்கும்." சுத்தம் செய்து அனுப்பினார். ஈறு ஆறியது, அடுத்த பரிசோதனையில் அழற்சி இறங்கியது, பிள்ளை உள்ளே குதியாட்டம் போடுகிறது. எல்லாவற்றுக்கும் ஈறுதான் காரணமா என்று டாக்டரம்மாவைக் கேட்டேன். இருக்கலாம், நீ தேய் என்றார்.

ஆகவே நான் தைரியமாக இருக்கிறேன், இனி எதற்கும் பயமில்லை. நீங்கள் வீணாக அலைய வேண்டாம். அண்ணனுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தைரியசாலி நாத்தனார்

பி.கு.: தபால்தலை தேடிக்கொண்டிருந்தபோது அழைப்பு மணி அடித்தது. பார்த்தால் நீங்கள், பெரிய பெட்டியோடு! "பிள்ளை நல்லாத்தான் இருக்கு, இவதான் பயந்து சாகறா" என்று இவர் போன் செய்தாராமே? கடிதத்தைக் கையிலேயே கொடுக்கிறேன். வரவேண்டாம் என்ற இடங்களைத் தாண்டிப் படியுங்கள். நீங்கள் குளித்துவிட்டு வருவதற்குள் கொஞ்சம் அழுது முடித்துவிடுகிறேன். பெட்டிச் சாவியைத் தேடாதீர்கள். பிரசவம் முடியும்வரை அது என்னிடம்தான் இருக்கும்.