இருபத்தெட்டாம் நாள் பலம்

உலகில் கான்கிரீட்டை முழுதாகப் புரிந்துகொண்டவர் ஒருவரே. அவர் எங்கள் தலைமைப் பொறியாளர். இதைக் கூட்டத்தில் அவரே அறிவித்தார். கூட்டக் குறிப்பில் ஏற்றியவன் நான்.

பள்ளிக்கூடத்துக்குக் கூரை போடும் நாளன்றே "கலவை விழிப்புணர்வு முகாம்" வைத்ததும் அவர்தான். கலவை லாரி வந்து நின்றது. பேச்சு தொடங்கியது. கூம்பை உருவியதும் கலவை எவ்வளவு சரிகிறது என்று பார்க்கும் "ஸ்லம்ப்", தண்ணீர் கூட்டாமலே கலவையை இளக்கும் "பிளாஸ்டிசைசர்" எல்லாவற்றையும் விளக்கினார்.

"கூடுதல் தண்ணீர் கான்கிரீட்டுக்கு விஷம்!" என்றார். கைதட்டினோம்.

இரண்டு மணி நேரம் கழித்து லாரி ஓட்டுநர் கையைத் தூக்கினார். "சார், கலவை இறுகுது."

"கேள்வியெல்லாம் கடைசியில."

"கடைசியில கடப்பாரைதான் சார் வேணும்."

மேஸ்திரி முன்னால் வந்தார். "எம் பொண்ணு உக்காரப்போற வகுப்பு சார் இது. மேசை மேல கேன்ல மருந்து இருக்கே, அளவா ஊத்தினா இளகிடும்."

"அது காட்சிக்கு வச்சது. தொடக்கூடாது."

"அப்ப லாரியத் திருப்பி அனுப்பிடுங்க."

"திறப்பு விழாத் தேதிய யாருய்யா திருப்பி அனுப்புறது?"

பொறியாளர் கண்மூடிச் சிந்தித்தார். மேதைமை பிறக்கும் கணம் அது.

"தண்ணிக் குழாயப் பிடி!"

விஷம் சளசளவென்று இறங்கியது. கூம்பை உருவியதும் கலவை தரையோடு தரையாகப் படுத்துவிட்டது.

"பாத்தீங்களா, என்ன பணிவு!" என்றார் பொறியாளர்.

கூரையின் பலத்தை அறிய இருபத்தெட்டாம் நாள் நசுக்கிப் பார்க்கும் பரிசோதனைக் கட்டிகளுக்கு மட்டும் தனிக் கலவை: புது சிமென்ட், அளந்த தண்ணீர், காட்சிக் கேனிலிருந்தே இரண்டு மூடி மருந்து. அந்த நாள் வந்தபோது அவற்றை நசுக்க முடியாமல் இயந்திரமே முனகியது. கூரை "மிகச் சிறப்பு" என்று சான்றிதழ் வந்தது. நசுக்காமல் மிஞ்சிய ஒரு கட்டியை நினைவுப் பரிசாக என் மேசையில் வைத்துக்கொண்டேன்.

முதல் மழையிலேயே மேஸ்திரி மனுவோடு வந்தார். கூரையில் விரிசல், பிள்ளைகளை வேறிடத்தில் உட்கார வைக்க வேண்டுமாம்.

"மனு காத்துல பறந்துடப்போகுது, பத்திரமா வைங்க சார்."

கட்டியை எடுத்து அதன்மேல் வைத்தேன்.

ஒரு வருஷம் ஆகிறது. பிள்ளைகள் அங்கேதான் படிக்கிறார்கள். கூரை இரண்டு விரற்கடை இறங்கியிருக்கிறது. மனு மட்டும் இம்மியும் நகரவில்லை. எங்கள் கான்கிரீட் அவ்வளவு உறுதி.