பனியனுக்கு முன்னால் ஒரு சூரியோதயம்

திருப்பூரில், ஆர்டர் பிடித்ததிலிருந்து சரக்கு அனுப்பும்வரை அலைகிற மெர்ச்சண்டைசர் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரே ஒரு வேதம்தான்: சாம்பிள் ஓகே ஆகாமல் துணியில் கத்தி வைக்காதே. முதலில் ஒரு பீஸ் தைத்து அனுப்ப வேண்டும். வாங்குபவர் தலையாட்டிய பிறகுதான் மொத்த ஆர்டரைத் தொட வேண்டும். இதை நான் டைலர், கட்டிங் மாஸ்டர், பிரிண்டிங்காரர் என்று பாகுபாடு பார்க்காமல் எல்லோருக்கும் ஓதியிருக்கிறேன். (டீ கொண்டு வருகிறவருக்கும் ஒருமுறை. பாவம், கேட்டுக்கொண்டார்.) எல்லாம் ஊருக்கு உபதேசம். எனக்கென்று ஒன்றைச் செய்தபோது நான் சாம்பிளும் போடவில்லை, சொன்னவள் பேச்சையும் கேட்கவில்லை.

என் அப்பா பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷின் டைலர். பக்கவாதம் வந்து வலது கை விழுந்த பிறகு வீட்டோடு இருந்தார். பேச்சும் கொஞ்சம் குழறும். பிசியோதெரபிக்கு வந்த பெண், ஆள்காட்டி விரலில் மட்டும் சற்று உயிர் இருக்கிறது, அதை அசைத்துக்கொண்டே இருந்தால் மற்ற விரல்களும் வரலாம் என்று சொல்லி, பிசைவதற்கு ஒரு மஞ்சள் பந்தைக் கொடுத்துவிட்டுப் போனார். "நானென்ன சின்னப் பையனா?" என்று அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். சோபாவுக்கடியில் ஓடும் பந்தைக் குனிந்து குனிந்து எடுத்ததில் அம்மாவுக்குத்தான் நல்ல உடற்பயிற்சி.

அப்போது நான் வீடியோ பார்த்துப் பார்த்து கம்ப்யூட்டர் விளையாட்டு செய்யக் கற்றுக்கொண்டிருந்தேன். இணையத்தில் ஒரு கேம் ஜாம் அறிவித்தார்கள். அதாவது, கொடுத்த தலைப்பில், வார இறுதிக்குள், ஒரு சின்ன விளையாட்டைச் செய்து ஏற்றிவிட வேண்டும். தலைப்பு, 'ஒரே பட்டன்.' எனக்குச் சிலிர்த்துவிட்டது. அப்பாவின் ஒரே விரலுக்கு ஒரே பட்டன். விளையாட்டு என்று நினைத்து அழுத்துவார், விரல் தானாகப் பழகும்.

படம் வரைந்து தர என்னோடு வேலை பார்க்கும் பர்வீன் ஒத்துக்கொண்டாள். காதர்பேட்டையில் பனியன் கடை வைத்திருக்கும் குடும்பம். வளவளவென்று பேசிப் பழக்கமில்லாதவள்.

"பனியன் ஒண்ணொண்ணா வரட்டுங்க்கா. நூல் பிசிறு தொங்குது. பட்டனை அழுத்துனா கத்திரி வெட்டுது. அவ்வளவுதான். அப்பாவுக்குத் தெரிஞ்ச வேலை, ஆசையா ஆடுவாரு."

"அவ்வளவுதானா?" என்றேன். அப்பாவின் உழைப்பை ஒரு கத்திரியில் அடக்குவதா? பருத்திக் காட்டில் சூரியன் உதிக்க வேண்டாமா? பஞ்சு நூலாகி, நூல் துணியாகி, சாயமேறி, தையலுக்கு வந்து, தூத்துக்குடியில் கப்பலேற வேண்டாமா? பின்னணியில் என் குரல் வேறு. ("இது ஒரு நூலின் கதை..." இப்போது கேட்டால் காது கூசுகிறது.) பனியன் துணி பின்னுவது, நெய்வதல்ல; அதற்கும் விசைத்தறிக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. இருந்தாலும் சோமனூர் விசைத்தறி ஒன்றையும் சேர்த்தேன். சத்தம் நன்றாக இருந்தது.

சனிக்கிழமை முழுவதும் சூரியன் உதித்தது. ஞாயிறு மதியம் கப்பல் கிளம்பியது. பர்வீன் போன் செய்தாள். "அக்கா, பனியன் எங்கீங்க்கா?"

"வந்துட்டே இருக்குது," என்றேன். சரக்கு எங்கே என்று நான் கேட்கும்போதெல்லாம் சாயப்பட்டறைக்காரர் சொல்லும் அதே பதில்.

கடைசியில் அரக்கப்பரக்க ஒரு பனியனையும் கத்திரியையும் வைத்து ஏற்றிவிட்டேன். ஒருமுறைகூட ஆடிப் பார்க்கவில்லை.

அம்மா அப்பாவுக்கு வெள்ளைச் சட்டை போட்டுவிட்டு, லேப்டாப்புக்கு முன்னால் உட்கார வைத்தார். "ஏனுங்க, புள்ள உங்களுக்குன்னே பண்ணியிருக்குதுங்க."

அப்பா திரையைப் பார்த்தார். பிறகு இடது கையால் வலது கையைத் தூக்கிக் கொண்டுவந்து பட்டன்மேல் வைத்தார். வலது கைதான் என்று நாங்கள் யாரும் சொல்லவில்லை. விரல் நடுங்கியது. பட்டன் உள்ளே போயிற்று. அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டார். அந்த நிமிஷமே லேப்டாப்பை மூடியிருந்தால் நான் உலகத்திலேயே கெட்டிக்காரி.

திரையில் சூரியன் உதித்துக்கொண்டிருந்தது. அப்பா மறுபடி அழுத்தினார். சூரியன் தன் பாட்டுக்கு உதித்தது. மூச்சு வாங்கிக்கொண்டு இன்னொரு முறை அழுத்தினார். பஞ்சு வெடித்தது, விசைத்தறி தடதடத்தது, என் குரல் நூலின் பெருமையை அளந்துகொண்டிருந்தது. அப்பாவுக்கு நெற்றியில் வியர்த்துவிட்டது.

"ஆட்டம் எப்பக் கண்ணு?"

"இதா, வந்துருச்சுங்கப்பா." கப்பல் நகர்ந்தது.

ஒரு வழியாகப் பனியன் வந்தது. அறிமுகம் ஓடும்போது அப்பா பாடுபட்டு அழுத்தியதையெல்லாம் கம்ப்யூட்டர் மறக்காமல் சேர்த்து வைத்திருந்தது. அத்தனையும் ஒரே நேரத்தில் பாய்ந்தது. கத்திரி கழுத்தை வெட்டி, கையை வெட்டி, பனியனைக் கந்தலாக்கியது. திரை முழுக்கச் சிவப்பு எழுத்து: 'ரிஜெக்ட்.'

அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இடது கையால் வலது கையை எடுத்து மடியில் வைத்து, துண்டால் மூடினார்.

"என்ற கை ஆகாது கண்ணு. உடு."

"இல்லீங்கப்பா, கைமேல தப்பு ஒண்ணுமில்லீங்க. நாந்தான் தப்பாப் பண்ணிட்டேன்!"

சத்தியமான உண்மை அது. ஆனால் அப்பா சிரித்துத் தலையாட்டினார். மகள் ஆறுதல் சொல்கிறாள் என்று நினைத்துவிட்டார். அதற்குப் பிறகு எத்தனையோ விதமாக விளக்கினேன். விளக்க விளக்க அது இன்னும் ஆறுதல் மாதிரியே இருந்தது.

மறுநாளே சூரியன், கப்பல் எல்லாவற்றையும் தூக்கி எறிந்துவிட்டு, பர்வீன் சொன்னதை மட்டும் செய்தேன். அருமையாக ஓடியது. என் மனம் கோணக்கூடாது என்று அப்பா இடது கையால் ஆடினார். வலது கை துண்டை விட்டு வெளியே வரவே இல்லை. வலது கையால் ஆடியிருந்தாலும் அந்த விரல் தேறியிருக்காது என்று பிசியோதெரபி பெண் சொன்னார். இருக்கலாம். நான் நம்பவில்லை.

அப்பாவுடைய கேள்வி மட்டும் வீட்டில் தங்கிவிட்டது. சீரியலில் கல்யாணம் இழுத்தால், சொந்தக்காரர் போனில் அறுத்தால், அப்பா என்னை ஓரக்கண்ணால் பார்த்துக் கேட்பார், "ஆட்டம் எப்பக் கண்ணு?"

அடுத்த வருஷம் அப்பா போய்விட்டார். எடுப்பதற்கு முன்னால் பெரியப்பா எழுந்து, தம்பியின் அருமை பெருமைகளைச் சொல்ல ஆரம்பித்தார். வெகு நேரம் ஆகியும் தம்பி இன்னும் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தபாடில்லை. என் தோளில் சாய்ந்து அழுதுகொண்டிருந்த அம்மா நிமிர்ந்தார். "ஆட்டம் எப்பங்க?" என்றார், அப்பா மாதிரியே குழறி. பெரியப்பாதான் முதலில் சிரித்தார், சிரித்துக்கொண்டே உட்கார்ந்து அழுதார்.

இன்றும் எங்கள் வீட்டு விசேஷங்களில் யார் பேச்சை நீட்டினாலும் அந்தக் கேள்வி வந்து விழும். எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். அதை முதன்முதலாகக் கேட்டபோது அப்பா எந்தக் கையால் அழுத்திக்கொண்டிருந்தார் என்பது அம்மாவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.