லைப்ரரிக்குள் அமெரிக்கா

"நெட்டு வரல சார்," என்றாள் கம்ப்யூட்டர் டீச்சர் அர்ஷியா.

பிரின்சிபால் அடைக்கலராஜ் கையிலிருந்த ரோஜா மாலையை மேஜைமேல் வைத்தார். கலிபோர்னியாவிலிருந்து திரையில் தோன்றப்போகிறவருக்கு மாலை போட முடியாது என்பது அவருக்கு வாங்கிய பிறகுதான் உறைத்தது. இப்போது திரையில் தோன்றுவதே சந்தேகம்.

"எப்ப வரும்?"

"குடிதண்ணி பைப்புக்குப் பள்ளம் நோண்டினவங்க கேபிளை அறுத்துட்டாங்க சார். லைன்மேன் நடராசன் பள்ளத்துலதான் உக்காந்துகினு இருக்காரு. மத்தியானம் ஆகுங்கறாரு."

"பதினோரு மணிக்கு கிளாஸ்மா! அந்தப் புரொபசருக்கு மெயில் போட்டு நாளைக்கு மாத்திக்கச் சொல்லு."

"மெயில் போடவும் நெட்டு வேணும் சார்."

அடைக்கலராஜ் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

விழுப்புரத்தில் ஒரு பெரிய பள்ளிக்கூடம் திண்டிவனம்வரை மஞ்சள் வேன் விட்டுப் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போக ஆரம்பித்த பிறகு, இங்கே ஆறாம் வகுப்பில் பாதி பெஞ்சு காலி. அந்த வேனை மறிக்கத் தாளாளர் பிரான்சிஸ் கண்டுபிடித்த வழிதான் இது. 'அமெரிக்கப் பேராசிரியர் இணையம் வழியாக நேரடி வகுப்பு' என்று பஸ் ஸ்டாண்டிலிருந்து ஒலக்கூர்வரை சுவர் விடாமல் நோட்டீஸ் ஒட்டியாகிவிட்டது. பேராசிரியர் டாக்டர் அந்தோணி பிரபு இந்தப் பள்ளியிலேயே, இது கீற்றுக்கொட்டகையாக இருந்த காலத்தில் படித்தவர். இப்போது இங்கே இருப்பவர்கள் யாரும் அவரைப் பார்த்ததில்லை. போட்டோ கேட்டதற்குத் தன் பல்கலைக்கழகக் கட்டடத்தின் போட்டோவை அனுப்பியிருந்தார்.

காலையில் தாளாளர் சுருக்கமாகச் சொல்லியிருந்தார்: "இன்னிக்கு அந்த ஸ்கிரீன்ல அமெரிக்கா தெரியலன்னா, நாளைக்கு இந்த ரூம்ல நீங்க தெரிய மாட்டீங்க."

ஹாலில் பெற்றோர் கூட்டம் இரைச்சலாகிக்கொண்டிருந்தது. டேட்டா கார்டைச் செருகிப் பார்த்தார்கள். திரையில் ஒரு வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது. ஜன்னல் ஓரம் தூக்கிக்கொண்டு போனபோது அதுவும் நின்றது.

"சார், ஒண்ணு சொன்னா திட்டக்கூடாது," என்றாள் அர்ஷியா. "எங்க மாமா கோட்டகுப்பத்துலேர்ந்து வந்துகினு இருக்காரு. துபாய்ல இருபது வருசம் இருந்தவரு. இங்கிலீஷ் பிச்சு உதறுவாரு."

"அதுக்கு?"

"அவரை லைப்ரரி கம்ப்யூட்டர் எதிர்ல உக்கார வச்சிடறேன். அங்கேருந்து ஹாலுக்கு உள்ளுக்குள்ளயே ஒயர் இருக்கு. நெட்டு தேவையில்ல. பேரையும் அந்தோணி பிரபுன்னே போட்டுடறேன். மணி அடிச்சதும் நீங்க பச்சை பட்டனை அமுக்குங்க, அவ்ளோதான்."

"ஐயையோ! ஆள் மாறாட்டம்மா அது!"

"அப்ப தாளாளர்கிட்ட நீங்களே போய்ச் சொல்லிடுங்க சார்."

அடைக்கலராஜ் யோசித்தார். யோசிக்க அதிக நேரம் ஆகவில்லை.

"பேசிடுவாராம்மா உங்க மாமா?"

"ஒரு பிரியாணி வாங்கிக் குடுத்தீங்கன்னா அமெரிக்கா என்ன, நிலாவுலேர்ந்துகூடப் பேசுவாரு."

"பின் கேட்டு வழியாக் கூட்டிட்டுப் போ. ஒருத்தர் கண்ணுலயும் படக்கூடாது. நான் ஹாலைப் பாத்துக்கறேன். ஜல்தி!"

மணி பதினொன்றுக்குச் சரியாகக் கரண்ட் போனது. ஹாலில் 'ஹோ' என்று சத்தம். வாட்ச்மேன் ஓடிப்போய்க் கயிற்றை இழுக்க, ஜெனரேட்டர் இருமிவிட்டு உறுமியது. புரொஜெக்டர் மறுபடி உயிர் பெற்றது. மடிக்கணினியில் மணி அடித்தது. 'அந்தோணி பிரபு அழைக்கிறார்.'

அடைக்கலராஜ் சிலுவை போட்டுக்கொண்டு பச்சை பட்டனை அமுக்கினார்.

திரையில் வழுக்கைத் தலையும் கண்ணாடியுமாக ஒருவர் வந்தார். பின்னால் புத்தக அலமாரி. பக்கத்து ஜன்னலில் கும்மிருட்டு. கறுப்பு சார்ட் ஒட்டி ராத்திரியாக்கிவிட்டாள் போலிருக்கிறது. கெட்டிக்காரப் பெண் என்று நினைத்துக்கொண்டார்.

முதல் ஐந்து நிமிடம் ஆங்கிலத்தில் மழை. தாளாளர் முன்வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம். திடீரென்று திரையில் இருந்தவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "எல்லாரும் நல்லாக்கிறீங்களா? மல்லாட்டை சீசன் ஆரம்பிச்சிடுச்சா?" என்றார்.

கூட்டம் கைதட்டியது. அமெரிக்கப் பேராசிரியர் வேர்க்கடலையை மல்லாட்டை என்பாரா என அடைக்கலராஜ் நொந்துகொண்டார்.

ஆறாம் வகுப்பில் சேர்க்க மகளைக் கூட்டிவந்திருந்த கிருஷ்ணவேணி எழுந்தாள். "சார், உங்க ஊர்ல கரண்டு எத்தனை மணி நேரம் போவும்?"

"நான் வந்து இருபத்தஞ்சு வருசத்துல ரெண்டு வாட்டி போச்சும்மா."

ஹால் முழுக்கப் பெருமூச்சு. பொய் சொல்லவும் ஓர் அளவு வேண்டாமா என்று அடைக்கலராஜ் பல்லைக் கடித்தார்.

"சரி, பசங்களா, தினம் கம்ப்யூட்டர்ல என்ன பண்றீங்க?" என்றார் திரையில் இருந்தவர்.

ஒரு வாண்டு மைக்கைப் பிடித்துக்கொண்டது. "துணி போட்டு மூடி வச்சிருக்காங்க சார். வெள்ளிக்கிழமை ஜன்னல் வழியாப் பாப்போம்."

பெற்றோர் எல்லோரும் தாளாளரைப் பார்த்தார்கள். தாளாளர் அடைக்கலராஜைப் பார்த்தார். அடைக்கலராஜ் ஜன்னலைப் பார்த்தார். அங்கே கேட்டுக்கு வெளியே லைன்மேன் நடராசன் இரண்டு கட்டைவிரலையும் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தான். டீ செலவுக்குக் கேட்கிறான். வேலையே முடியவில்லை, அதற்குள் டீ! 'அப்புறம் வா' என்று கையால் விரட்டினார்.

பிறகு ஒரு வெள்ளைத்தாளை எடுத்துப் பெரிய எழுத்தில் எழுதி, கூட்டத்துக்குத் தெரியாமல் மடிக்கணினியின் கேமராவுக்கு நேரே பிடித்தார்.

'பேச்சைக் குறை. பிரியாணி கட்டாயம் உண்டு.'

திரையில் இருந்தவர் குனிந்து படித்தார். மறுபடி படித்தார். முகத்தில் ஒரு குழப்பம் வந்து, சிரிப்பாக மாறியது.

"உங்க பிரின்சிபால் ரொம்ப தமாஷான ஆளு," என்றார் கூட்டத்திடம். "ஊருக்கு வந்தா பிரியாணி போடறாராம்."

மறுபடியும் கைதட்டல். தாளாளரே தட்டினார். என்ன துணிச்சல் என்று மலைத்துப்போனார் அடைக்கலராஜ்.

"பசங்க ஜன்னல் வழியாப் பாக்கறதைக் கேட்டதும் எனக்கு மனசே சரியில்ல," என்று அந்த ஆள் தொடர்ந்தார். "நான் இங்க வந்ததே அந்தக் கொட்டகையில படிச்ச படிப்பாலதான். அதனால நானும் என் நண்பர்களும் உங்க லேப் முழுக்கப் புதுக் கம்ப்யூட்டர் அனுப்பறோம். நெட்டுக்கான செலவும் எங்களுது. வருசம் ரெண்டு பிள்ளைங்களைக் காலேஜ்வரைக்கும் படிக்க வைக்கறோம்."

ஹால் எழுந்து நின்றது. கிருஷ்ணவேணி பக்கத்திலிருந்தவளிடம் "இங்கயே சேத்துடறேன்டி" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தாளாளர் மேடைக்கே வந்துவிட்டார்.

அடைக்கலராஜுக்குக் காது அடைத்தது. துபாய்க்காரன் ஊரான் பேரில் வாரி இறைக்கிறான். நாளைக்கு இத்தனை பேரும் கம்ப்யூட்டர் எங்கே என்று கேட்டால்? போலீஸ், கோர்ட், பேப்பரில் போட்டோ எல்லாம் கண்முன்னே வந்தன.

"வேணாங்க!" என்று கத்தினார். மைக்கில் கத்தியதால் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. "எங்களுக்குக் கம்ப்யூட்டரே வேணாங்க! வைக்க இடமில்ல!"

ஹால் அப்படியே வாய் பிளந்து நின்றது.

"இன்னா சார் நீங்க?" என்றாள் கிருஷ்ணவேணி. "உங்க வீட்டுக்கா கேட்டாரு? பசங்களுக்குக் குடுக்கறதை நீங்க யாரு வேணாங்கறதுக்கு?"

"யோவ் அடைக்கலராஜ்!" என்றார் தாளாளர், மேடையிலேயே.

"சார், யோசிச்சு சொல்லுங்க," என்றது திரை. "பேஜாரு ஒண்ணும் இல்ல, எல்லாத்தையும் நாங்களே பாத்துக்கறோம். இப்பவே மெயில் போட்டுடறேன்."

அடைக்கலராஜின் கை தானாக இன்னொரு தாளை எடுத்தது. கோபத்தில் மார்க்கர் தாளைக் கிழித்தது.

'யோவ், உன் வண்டவாளத்தை இப்பவே எல்லார் எதிர்லயும் சொல்லிடுவேன். வாயை மூடுடா.'

அதைக் கேமராவில் முட்டுகிற மாதிரி பிடித்தார்.

திரையில் அந்த முகம் வெளுத்தது. உதடு எதையோ சொல்ல அசைந்தது. அது என்ன என்று தெரிவதற்குள் அடைக்கலராஜ் ஒயரைப் பிடுங்கிவிட்டார்.

"அமெரிக்காவுல நெட்டு போய்டுச்சுங்க," என்று கூட்டத்துக்கு அறிவித்துவிட்டு, தாளாளர் வாயைத் திறப்பதற்குள் வராந்தாவுக்குப் பாய்ந்தார்.

வெளியே தூணைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். வேலை போகலாம். ஆனால் ஜெயிலுக்குப் போகாமல் தப்பித்தாயிற்று. அர்ஷியாவின் மாமா மட்டும் இப்போது கையில் கிடைத்தால் அந்த ஆளின் கழுத்தை நெரித்துவிடுவார்.

லைப்ரரிப் பக்கமிருந்து ஒருவர் தட்டுத்தடுமாறி வந்துகொண்டிருந்தார். அடர்ந்த சுருட்டை முடி, குங்குமப்பூ நிறத்தில் மருதாணி போட்ட தாடி, அக்குளில் நூலாம்படை ஒட்டிய நீலக் கோட்டு. அருகில் வந்ததும் பணிவாக சலாம் வைத்தார்.

"நாந்தாங்க ஹமீத், அர்ஷியா மாமா. கரண்டு போனதுலேர்ந்து லைப்ரரி இருட்டுல குந்திகினு இருக்கேன், பொண்ணு ஜெனரேட்டர் ஒயர் தேடிக்கினு போனது இன்னும் வரல. நான் எப்ப சார் பேச ஆரம்பிக்கணும்?"