சைரன் ரகசியம் சொன்ன நாள்

அந்தமான் தீவுகளிலேயே மெதுவாகப் பேசத் தெரியாமல் பிறந்த ஒரே பெண் சைரன்தான். மரைன் ஹில்லில் குவார்ட்டர்ஸ் வாசலில் நின்று அவள் தன் தம்பியைச் சாப்பிடக் கூப்பிட்டால், கீழே ஹார்பரில் நிற்கும் கப்பல்காரர்கள் கை கழுவக் கிளம்பிவிடுவார்கள்.

அப்பா அம்மா வைத்த பெயர் ஸ்கூல் ரிஜிஸ்டரோடு சரி. எங்கள் எல்லாருக்கும் அவள் சைரன். பதினொன்றாம் வகுப்பில் என் பக்கத்து சீட். சனிக்கிழமைகளில் என்னோடு பஸ் ஏறி புரோத்ராபூரில் எங்கள் வீட்டுக்கு வருவாள். வழியெல்லாம் பேச்சுதான்.

"அரே சைரன், தீரே போலோ!" என்று மெதுவாகப் பேசச் சொல்லிக் கெஞ்சுவார் கண்டக்டர்.

"தீரே ஹீ தோ போல் ரஹீ ஹூம் பையா!" என்பாள், மெதுவாகத்தானே பேசுகிறேன் அண்ணா என்று. அந்தச் சத்தத்தில் தூக்கம் கலைந்தவர்கள் தங்கள் ஸ்டாப் வந்துவிட்டதென்று நினைத்து இறங்கிப் போவார்கள்.

ஒரு கெமிஸ்ட்ரி டெஸ்ட்டில் பாவம் பார்த்து எனக்கு ரகசியமாக ஒரு விடை சொன்னாள். தப்பான விடை. தமிழ், பெங்காலி, தெலுங்கு, மலையாளம் என்ற பேதமே இல்லாமல் வகுப்பு மொத்தமும் அதே தப்பை எழுதியிருந்தது. டீச்சர் விசாரிக்கக்கூட இல்லை. நேராக அவளைத்தான் எழுப்பி நிறுத்தினார்.

இப்படிப்பட்டவளோடுதான் ஆராய்ச்சிக்குப் போனேன்.

மெயின்லேண்டிலிருந்து எங்கள் ஸ்கூலுக்கு ஒரு மேடம் வந்திருந்தார். டீன் ஏஜ் பிள்ளைகளின் நட்பைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாராம். நெருங்கிய தோழிகள் ஜோடி ஜோடியாக வர வேண்டும், தனித்தனியாகக் கேள்வி கேட்பார். "நீங்க சொல்றது எதுவும் இந்த ரூமை விட்டு வெளிய போகாதுங்க. பயப்படாம பேசுங்க," என்றார். பாவம், ஊருக்குப் புதுசு.

முதலில் சைரன் உள்ளே போனாள். கதவைச் சாத்தினார்கள். வராந்தா பெஞ்சில் நானும் பியூனும் இருந்தோம். எல்லாரும் தீதி என்று கூப்பிடும் கேன்டீன் அக்கா டீயோடு வந்து நின்றார். மேடத்தின் கேள்வி எதுவும் எங்களுக்குக் கேட்கவில்லை. பதில்கள் மட்டும் கேட்டன.

"மறைச்சது ஒண்ணு இருக்கு மேடம்."

மேடம் என்னவென்று கேட்டிருப்பார்.

"அப்பாவுக்கு டிரான்ஸ்ஃபர் வந்துட்டு. லீவு விட்டதும் கப்பல் ஏறுதோம். அவகிட்ட இன்னும் சொல்லல. சொன்னா இன்னைக்கே அழ ஆரம்பிச்சிருவா. இருக்கிற நாளாவது சிரிச்சிட்டு இருக்கட்டும்."

மேடம் ஏதோ சொல்லியிருக்க வேண்டும்.

"மெதுவாத்தான் மேடம் பேசுதேன்!"

பியூன் என்னைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தமிழ் தெரியாத தீதிகூட என் முகத்தைப் பார்த்துவிட்டு யாருக்கோ கொண்டு வந்த டீயை என் கையில் கொடுத்தார்.

அடுத்து நான். அதே கேள்விதான். "உங்க ஃபிரெண்டுகிட்ட எதையாவது மறைச்சிருக்கீங்களா?"

"அஞ்சு நிமிஷம் முன்னாடி வரைக்கும் இல்ல மேடம். இப்ப ஒண்ணு இருக்கு."

மேடம் கதவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பேனாவை மூடி வைத்துவிட்டு ஒரு கிளாஸ் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். என் பங்கு ஆராய்ச்சி அத்தோடு முடிந்தது.

அன்று சாயங்காலத்துக்குள் ஸ்கூல் முழுக்க, பஸ் வரைக்கும் தெரிந்துவிட்டது. ஒருத்தர்கூட அவளிடம் வாய் திறக்கவில்லை. தீதி அவளுக்கு ஒரு சமோசா கூடுதலாக வைத்தார். கண்டக்டர் ஜன்னல் சீட் பிடித்து வைத்தார். கெமிஸ்ட்ரி டீச்சர் அவளைத் திட்டுவதையே நிறுத்திவிட்டார். அதில்தான் அவள் அரண்டுபோனாள்.

"ஏட்டி, எல்லாரும் எதுக்கு என்னைய இந்தக் கவனிப்பு கவனிக்காவ? எனக்கு எதுவும் பெரிய வியாதியா? மறைக்காம சொல்லு!"

நான் சிரித்தேன். அவள் ஆசைப்பட்டபடியே அந்த நாட்கள் முழுக்கச் சிரித்தேன். அழுகையெல்லாம் வீட்டில் பாத்ரூமுக்குள்.

லீவு விடுவதற்கு முதல் நாள், மரைன் ஹில் இறக்கத்தில் நடந்துகொண்டிருந்தோம். நின்றாள். துப்பட்டா நுனியை முறுக்கினாள். உதடு அசைந்தது. பக்கத்தில் நின்ற எனக்கே ஒன்றும் கேட்கவில்லை.

"என்னடீ?"

மறுபடி உதடு அசைந்தது. அப்போதும் கேட்கவில்லை.

"எனக்குத் தெரியும்டீ," என்றேன்.

"யாருட்டி சொன்னா?"

"நீதான். மேடம் ரூம்ல."

விழித்தாள். பிறகு விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே என் தோளில் முகத்தை வைத்து அழ ஆரம்பித்தாள். ஏறி வந்த ஆட்டோக்காரர் வண்டியை நிறுத்தி, என்ன ஆச்சோ என்று பதறி, "க்யா ஹுவா பேட்டி?" என்று கேட்கும்வரை அழுதோம்.

கப்பல் புறப்பட்டபோது மேல்தட்டில் அவள் கையாட்டியது தெரிந்தது. அவளோடு சேர்ந்து ஒரு கூட்டமே கையாட்டியதால், கடைசியில் எது அவள் கை என்று தெரியாமல் எல்லாக் கைகளுக்கும் ஆட்டினேன்.

இப்போது திருநெல்வேலியில் வேலை, கல்யாணம், குழந்தை என்று இருக்கிறாள். எப்போதாவது போன் செய்வாள். டிக்கெட் போடுகிறேன் என்பாள், ஏதாவது தடங்கல் வந்துவிடும். நான் இதே ஊரில்தான் பிறந்தேன், இதே ஊரில்தான் வேலை பார்க்கிறேன். அவள் இல்லாத இந்த ஊர்தான் எனக்கு இன்னும் பழகவில்லை.